பெயர் போடும் இடம்

உன் கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் நன்றாக வந்திருக்கிறது. சந்தன நிறத் தாளில் தங்க எழுத்து, பெயருக்குப் பக்கத்தில் பி.ஏ. அந்தப் படிப்பைப் போட்டே ஆக வேண்டும் என்று நீதான் நின்றாயாம். 'எங்க குடும்பத்துலயே மொதப் பட்டதாரி எங்கம்மாதான்' என்று பிரஸ்ஸில் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னாயாம், உன் அப்பா வந்து சொன்னார். கட்டுக் கட்டாக வந்து இறங்கிய பத்திரிகைகளின் மூலையில் மஞ்சள் தடவிக்கொண்டே நான் ஒன்றைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இத்தனை தாளில் என் பெயரை அச்சடித்தவன், ஒரே ஒரு இடத்தில் மட்டும் அதை ஏன் அழித்தான்?

இந்தக் கேள்வியை உன்னிடம் ஏற்கெனவே வாயால் கேட்டாகிவிட்டது. நீ சொன்ன பதிலுக்குப் பிறகு நான் பேசவில்லை. எனக்குப் பேச்சு வராது என்பது உனக்கு நன்றாகத் தெரியும். எழுத வரும் என்பது மறந்துவிட்டது போலிருக்கிறது. அதனால் எழுதுகிறேன். உன் மேஜையில் வைத்த பிறகு இதையே ஒரு வாரப் பத்திரிகைக்கும் அனுப்பப்போகிறேன். பயப்படாதே, உன் பெயரோ நீ கட்டப்போகிறவள் பெயரோ இதில் எங்கும் இல்லை. என் பெயரையும் விட்டிருக்கிறேன். நானாக விடுவது வேறு, இன்னொருவர் துடைத்துவிடுவது வேறு.

பீரோவில் என் கூறைச்சேலைக்கு அடியில், இரண்டு காலண்டர் அட்டைகளுக்கு நடுவே ரப்பர் பேண்ட் போட்டு ஒரு கட்டு இருக்கும். நீ அறியாததல்ல. நான் கல்லூரியில் சேர்ந்த சமயம், வாரத்துக்கு ஒரு நாள் சாயங்காலம் டி.வி.யில் ஒரு சிரிப்பு நாடகம் போடுவார்கள். மெட்ராஸில் ஒரு காம்பவுண்டு, உள்ளே ஐந்து குடித்தனம், எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். அவ்வளவுதான் கதை. இடுப்பில் சாவிக்கொத்தோடு எல்லாரையும் விரட்டும் வீட்டுக்காரம்மா, வெயிலிலும் யாரிடமாவது குடை இரவல் கேட்கும் மாமா, குழாயடியில் நின்று ராகம் இழுக்கும் பாட்டு வாத்தியார். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து டி.வி. ரூமுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து பார்ப்போம். பட்டாசுக் கம்பெனி வண்டியிலிருந்து இறங்கி, கை கால்கூடக் கழுவாமல் அப்படியே வந்து உட்காருகிற ஆட்கள். அலுமினியத் தூள் ஒட்டிய முகங்கள் டி.வி. வெளிச்சத்தில் மினுங்கும். அந்த அரைமணி நேரத்தில்தான் எங்கள் அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்திருக்கிறேன்.

நாடகம் முடிந்ததும் கடிதம் போட வேண்டிய விலாசத்தைத் திரையில் காட்டுவார்கள். கல்லூரியில் நான் யாரோடும் பேசியதில்லை. விருதுநகர் டவுன் பிள்ளைகள் சேர்ந்து சேர்ந்து போவார்கள், நான் பஸ் வரும்வரை மரத்தடியில் நிற்பேன். பேச ஆள் இல்லாதவள் எழுத ஆரம்பித்தேன். குடை மாமாவுக்கு ஒரு கடிதம், உள்ளே என் விலாசம் எழுதி ஸ்டாம்பு ஒட்டிய கவர். பதில் வரும் என்று நினைக்கவே இல்லை. ஒரு நாள் வந்தது. கையகலக் கறுப்பு வெள்ளைப் படம், குறுக்கே கையெழுத்து. உன் தாத்தா அன்று அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். படத்தைத் தொடவில்லை. "கையெல்லாம் மருந்து பிள்ள, நீயே பிடிச்சுக் காட்டு" என்றார்.

"இவரு நமக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்ப்பா. டி.வி.ல வாராகல்ல, குடை மாமா."

"அவரா? அங்கன யாரு குடையையும் திருப்பிக் குடுத்ததில்ல, உனக்குப் படம் அனுப்பியிருக்காரா? சூதானமா இரு. அடுத்த காயிதத்துல குடை கேப்பாரு."

அன்று முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு பாட்டு வாத்தியார் அனுப்பினார், மூன்றாவது வீட்டுப் புதுப்பெண் அனுப்பினாள், கீரைக்காரியாக வந்த அம்மாள்கூட அனுப்பினார். எல்லாவற்றிலும் கையெழுத்து மட்டும்தான் இருக்கும். யாருக்கு அனுப்புகிறோம் என்று அவர்களுக்கு என்ன தெரியும், எத்தனை கடிதம் வந்திருக்குமோ. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் தெருவில் பாதிப் பேர் எங்கள் வாசலைப் பார்ப்பார்கள். எனக்கு வேலைக்கு ஆர்டர் வருகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை.

வீட்டுக்காரம்மாவுக்கு மட்டும் நான் ரசிகையாக எழுதவில்லை. கல்லூரியில் எல்லாரும் மேடையேறி ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். என் முறை நெருங்க நெருங்கச் சோறு இறங்கவில்லை. படிப்பை விட்டுவிடலாமா என்றே நினைத்தேன். கம்பெனிக்குப் போய்விட்டால் யாரும் மேடையேறச் சொல்ல மாட்டார்களே. அதையெல்லாம் எழுதி, 'நீங்கள் அத்தனை பேரை ஒரே குரலில் அடக்குகிறீர்கள், என் குரல் எனக்கே கேட்கவில்லை' என்று அனுப்பினேன். பதிலுக்கு வந்ததுதான் அந்தக் கலர்ப் படம். பச்சைச் சேலை, இடுப்பில் சாவிக்கொத்து, முகத்தில் அந்த முறைப்பு. கீழே நீல மையில், சாய்ந்த எழுத்தில், முதலில் என் பெயர். அதற்கடியில், 'பின்வரிசைக்குக் கேட்கும்படி பேசு.' அதற்கும் கீழே கையெழுத்து. தபால்காரர் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனதில் வலது மூலை மட்டும் லேசாக மடிந்திருந்தது.

என் பெயர் என்று சொல்கிறேனே, அது உனக்கு என்னவென்று புரிய வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏ பிள்ள', இல்லாவிட்டால் 'ஏ மூத்தவளே'. பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் மட்டும் அந்தப் பெயர் இருந்தது, ஆஜர் சொல்வதற்கு. கல்யாணத்துக்குப் பிறகு லோடு வண்டிக்காரர் பொண்டாட்டி. நீ பிறந்த பிறகு உன் அம்மா. யாரோ ஒருவர், என்னைப் பார்த்தே இராத ஒருவர், உட்கார்ந்து யோசித்து, என் பெயரைத் தன் கையால் எழுதியது அந்த ஒரு இடத்தில்தான். அந்தப் படத்தைக் கட்டுரைத் தாள்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டுதான் மேடையேறினேன். என்ன வாசித்தேன் என்பது ஞாபகமில்லை. கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தது ஞாபகமிருக்கிறது. சூலக்கரையில் வேலைக்கு நேர்முகம் போனபோதும் அது என் பையில் இருந்தது. அந்தச் சம்பளத்தில்தான் நீ படித்தாய் என்று சொல்லிக் காட்டவில்லை. அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன்.

இதில் எதுவும் உனக்குத் தெரியாது என்று நான் நினைத்திருந்தால் இவ்வளவு கசந்திருக்காது. உனக்குத் தெரியும். பள்ளி லீவில் உன் அப்பாவோடு லோடு ஏற்றப் போய், ஏதோ பிரஸ்ஸில் கீறல் விழுந்த பழைய லென்ஸ் ஒன்றை வாங்கி வந்தாய். வீட்டில் இருக்கிற படத்தையெல்லாம் அதை வைத்துப் பார்த்தாய். புள்ளி தெரிந்தால் அச்சு, தெரியாவிட்டால் அசல் என்று பிரஸ்காரர்கள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சாமி படத்தில் புள்ளி, பட்டாசுப் பெட்டி லேபிளில் புள்ளி, பால் பாக்கெட்டில் புள்ளி. கடைசியாக என் கட்டைப் பிரித்து, வீட்டுக்காரம்மா படத்தின் மேல் லென்ஸை வைத்தாய். "யம்மா! உன் பேருல புள்ளியே இல்ல! நெசமாவே கையால எழுதியிருக்காக!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாய். அது அசல் என்று எனக்குச் சாட்சி சொன்ன முதல் ஆள் நீதான்.

பிறகு நீ வளர்ந்தாய், டிசைன் வேலை கற்றாய், திருத்தங்கலில் நம் வீட்டிலேயே சொந்தமாகக் கம்ப்யூட்டர் வைத்து உட்கார்ந்தாய். ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருஷக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் போடும் கம்பெனிகளுக்கு உன் கைவேலைதான் பிடித்திருக்கிறது என்று கேட்டு நான் மகிழ்ந்தேன். நீ செய்து காட்டும் காலண்டர் எல்லாவற்றிலும் மேலே படம் இருக்கும், கீழே நான்கு விரல் அகலத்துக்கு வெற்றிடம் இருக்கும். 'பேர் போடுற இடம்' என்பாய். ஆர்டர் கொடுக்கிறவர் கடைப் பெயர் அங்கே ஏறும். சாத்தூர் நகைக்கடைக்கும் சேலத்து உரக்கடைக்கும் ஒரே முருகன்தான். பெயர்தான் மாறும். முருகனுக்கு அதில் வருத்தமில்லை. தொழில் அப்படி. ஆனால் அந்தத் தொழில் உன் கண்ணுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது என்று எனக்கு ஆனி மாதம் நிச்சயதார்த்தத்தன்றுதான் தெரிந்தது.

அன்று விருதுநகரில் பெண் வீட்டில் நம்மை மரியாதையாகத்தான் நடத்தினார்கள். அவள் அப்பா வாசலுக்கே வந்து, "வாங்க தங்கச்சி, வெயில்ல வந்திருக்கீக, மொதல்ல மோரு குடிங்க" என்றார். இரண்டு தலைமுறையாகக் கடையும் பிரஸ்ஸும் வைத்திருக்கிறவர்கள், நம் வீட்டுக்குப் பெண் கொடுக்கிறார்கள் என்று நான்தான் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். தட்டு மாற்றி முடிந்ததும் நீ அவளைக் கூப்பிட்டு, பளபளக் காகிதம் சுற்றிய ஒன்றைக் கொடுத்தாய். அந்தப் பழைய நாடகத்தை இப்போது யூடியூபில் போடுகிறார்களாம், அவள் ஒரு வசனம் விடாமல் சொல்வாளாம், முழுக் குடும்பமும் சாப்பிடும்போது அதைத்தான் பார்ப்பார்களாம். காகிதத்தைப் பிரித்தவள், "ஐயோ, வீட்டுக்காரம்மா!" என்று குதித்தாள். "யப்பா, எம் பேரு எழுதியிருக்காகப்பா!"

அவள் அப்பா சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்தார். "இங்கன குடு தாயி" என்று வாங்கி, ஜன்னலோரம் போய்க் கண்ணை வைத்துப் பார்த்தார். "புள்ளியே இல்ல. அசல் போட்டோ, அசல் மை. மாப்பிள்ளை, எப்பிடிப் பிடிச்சீக இதை?"

"சென்னையில அவுக வீட்டுக்கே போய் வாங்குனேன் மாமா. பேரைச் சொன்னதும் எழுதிக் குடுத்துட்டாக."

எல்லாரும் கைதட்டினார்கள். படம் கை மாறி மாறி என்னிடம் வந்தது. வலது மூலையில் மடிப்பு. 'பின்வரிசைக்குக் கேட்கும்படி பேசு.' அதற்கு மேலே அவள் பெயர். உன் கை தேர்ந்த கை. அந்த அம்மாவின் சாய்வு, இழுப்பு, அழுத்தம் எல்லாம் பிசகாமல் வந்திருந்தது. என் பெயர் இருந்த இடத்தில் மட்டும் படத்தின் பளபளப்புச் செத்துப்போயிருந்தது. "தங்கச்சி ஒண்ணுமே பேச மாட்டேங்கிறீக, மகன் எம்புட்டு பெரிய காரியம் பண்ணியிருக்காரு!" என்றார் அவள் அப்பா. நான் சிரித்தேன். படத்தைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தேன். அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் தப்பு. அதை நான் மறைக்கவில்லை.

மறுநாள் காலையில் கேட்டேன். நீ பல் துலக்கிக்கொண்டிருந்தாய்.

"ஏய்யா, அது என் படம்."

"ஆமா. அதுக்கு இப்ப என்னம்மா?"

"என் பேரு இருந்துச்சே அதுல."

"உன் பேரோட எப்பிடிம்மா அவளுக்குக் குடுக்க முடியும்? காலண்டர்ல பேரு மாத்துறதில்லையா? படம் அதே படந்தான, எங்கயும் போயிறலயே."

"காப்பி போட்டிருக்கலாம்ல?"

"அவுக அப்பா லென்ஸ் இல்லாம ஒரு படத்தைப் பாப்பாரா? புள்ளி தெரிஞ்சா அங்கனயே மானம் போயிருக்கும். அசல்லதான் செய்யணும். ஸ்பிரிட்டுல எம்புட்டு பையத் தொடைச்சு எடுத்தேன் தெரியுமா?"

வெளியே வண்டி கழுவிக்கொண்டிருந்த உன் அப்பா, "ஒரு போட்டோவுக்கா காலங்காத்தால பஞ்சாயத்து, விடு" என்றார்.

நீ வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுச் சொன்னாய். "அம்புட்டு வருசமா பீரோவுக்குள்ள கெடந்துச்சு. யாரு பாத்தா? இனிமே பெரிய ஹாலுல மாட்டப்போறாக, வாரவுக போறவுக எல்லாம் பாப்பாக. நீ சந்தோசந்தான் படணும்." துண்டை எடுத்துக்கொண்டு திரும்பி, கோபம்கூட இல்லாமல், சாதாரணமாக, "நீ ஒண்ணும் பேசாம இருந்தாப் போதும்மா. எப்பவும் இருக்குற மாதிரி" என்றாய்.

அந்தக் கடைசி வார்த்தைகளை நீ மறந்திருப்பாய். சொல்கிறவர்கள் மறந்துவிடுவார்கள். நீ கேட்டிருந்தால் அந்தப் படத்தை நானே எடுத்துக் கொடுத்திருப்பேன். என் பெயரோடு கொடுத்திருப்பேன். 'இது எங்கம்மாவுக்கு வந்தது, இனிமே உனக்கு' என்று நீ அந்த ஹாலில் சொல்லியிருந்தால், அங்கே இருந்த எல்லாரையும் விட நான்தான் அதிகம் நிமிர்ந்திருப்பேன். உனக்கு அது போதவில்லை. பட்டாசுக் கம்பெனி ஆளின் மகள் ஸ்டாம்பு ஒட்டிக் கெஞ்சி வாங்கிய படம் என்றால் அந்த வீட்டில் எடுபடாது என்று நினைத்தாய். மெட்ராஸ் வரைக்கும் போய்ப் பெரிய மனுஷியிடம் நேரில் வாங்கி வந்த மாப்பிள்ளை வேண்டியிருந்தது. பத்திரிகையில் பி.ஏ. போட்டு என்னைத் தூக்கி வைக்கிறாய், சரி. அது உன் வரிசையில் எனக்குக் கொடுத்த இடம். நானாக எனக்குச் சம்பாதித்த இடத்தை எடுத்துக்கொண்டு, நீயாக ஒரு இடம் தருவதற்குப் பெயர் மரியாதை இல்லை. உனக்குப் புத்தி சொல்லும் வயது தாண்டிவிட்டது. ஆனாலும் சொல்கிறேன். உன்னோடு வாழ வருகிறவளின் அலமாரியில் நீ எதைப் பார்த்தாலும், அது சும்மா கிடக்கிறது என்று நீயாக முடிவு செய்யாதே. சும்மா கிடப்பதாக உனக்குத் தெரிவது, ஒருத்தி இத்தனை காலம் பத்திரமாக வைத்திருப்பது.

போன வாரம் பத்திரிகைக் கட்டுகளில் பாதியைக் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஹாலில் நுழைந்ததும் எதிரே அதுதான், புதுச் சட்டம் போட்டு, சின்ன விளக்கோடு. அவள் அம்மா காபி கொண்டுவந்து, "மதினி, நீங்களும் இந்த நாடகமெல்லாம் பாப்பீகளா?" என்று கேட்டார். "கொஞ்சம் பாத்திருக்கேன்" என்றேன். அவர் எனக்கு வீட்டுக்காரம்மா யார், குடை மாமா யார் என்று முதலிலிருந்து விளக்கினார். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். அப்போது அவள் மாடியிலிருந்து ஓடி வந்தாள். கையில் தனியாக ஒரு பத்திரிகை. கவரில் வீட்டுக்காரம்மாவாக நடித்தவரின் பெயரை அழகாக எழுதி வைத்திருந்தாள். "அத்தை, மொதப் பத்திரிகை சாமிக்கு வச்சாச்சு. ரெண்டாவது இவுகளுக்குத்தான். எனக்காக எழுதிக் குடுத்திருக்காக, நேர்ல போய்க் கும்புட்டுட்டு வரணும். உங்க மகனைக் கேட்டா, அந்தம்மா உடம்பு சொகமில்லாம இருக்காக, யாரையும் பாக்க மாட்டாகன்னு சொல்லிட்டே இருக்காக. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க அத்தை. நம்ம ரெண்டு பேருமே போய்ட்டு வந்துருவோம்."

அந்த நடிகையம்மா இறந்து சில வருஷம் ஆகிறது. பேப்பரில் மூலையில் சின்னதாகப் போட்டிருந்தார்கள். அன்று நான் படத்தை எடுத்து டி.வி. மேல் வைத்து, ஒரு கண்ணி மல்லிகை வைத்தேன். நீ பாலிடெக்னிக்கிலிருந்து வந்து, "யாருக்கும்மா பூவு?" என்று கேட்டாய். சொன்னேன். "பாவம்" என்றாய். ஆக, செத்துப்போனவரிடம் கையெழுத்து வாங்கியதாகத் தெரிந்தேதான் சொன்னாய். இப்போது ஒரு பெண், செத்துப்போனவருக்குப் பத்திரிகை எழுதி வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நானும் சேர்ந்து அவளிடம் பொய் சொல்ல வேண்டும். இன்றைக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னால், கல்யாணம் முடிந்து ஒரு நாள் அவரைச் சாகடிக்கவும் வேண்டும். என் பெயரை விட்டுக்கொடுக்கிறேனா என்பதோடு முடிந்திருந்தால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன், நம்பு. இது அதோடு முடியவில்லை. திருத்தங்கல் பஸ் வரும்வரைகூடப் பொறுக்க முடியாமல், ஸ்டாண்டில் நின்றபடியே அவளுக்குப் போன் செய்தேன். "நாளைக்கு மத்தியானம் வீட்டுக்கு வா தாயி. அந்தப் படத்தையும் கழட்டி எடுத்துட்டு வா."

ஸ்கூட்டியில் வந்தாள். நீ சிவகாசியில் ஆல்பம் வேலையில் இருந்தாய். பீரோவிலிருந்து கட்டை எடுத்து அவள் முன்னால் பிரித்தேன். "ஐயையோ, குடை மாமா! பாட்டு வாத்தியார்! கீரைக்காரிகூட இருக்காகளே!" என்று சின்னப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தாள். "அத்தை, இதெல்லாம் யாரு சேத்தது? கொஞ்சந்தான் பாத்திருக்கேன்னீக!" முதல் வாக்கியம்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "நீ கொண்டுவந்திருக்க படத்துல எழுதியிருந்தது என் பேரு" என்றேன். மீதி தானாக வந்தது. பஞ்சாயத்து டி.வி. ரூம், மேடை, லென்ஸ், மல்லிகை, எல்லாம். கேட்டு முடித்ததும் அவள் சட்டத்திலிருந்து படத்தை உருவி, வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பளபளப்பு இல்லாத அந்த இடத்தை விரலால் தடவினாள். பிறகு பையிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்து, என் பெயர் இருக்கும் வரியைத் தேடி, சத்தமாக வாசித்தாள். நம் பக்கத்தில் மருமகள் மாமியார் பெயரைச் சொல்வதில்லை. அவள் சொன்னாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்ளவும் இல்லை.

"எங்கிட்டப் பொய் சொன்னதைக்கூட விட்டுருவேன் அத்தை" என்றாள். "என்னைப் பிடிக்க வைக்கச் சொன்ன பொய்தான. ஆனா பெத்த தாய் பேரை அழிச்ச எடத்துல எம் பேரை எழுதத் தோணியிருக்கே. நாளைக்கு யாரு பேரை எழுத எம் பேரைத் தொடைப்பாக?"

'அவன் அப்படிப்பட்டவன் இல்லை' என்ற வார்த்தை வாய்வரை வந்தது. சொல்ல முடியவில்லை. அவள் உன் மேஜையிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலையும் பஞ்சையும் எடுத்துவந்து, தரையில் உட்கார்ந்து, தன் பெயரைத் துடைத்தாள். முதல் தடவை நீ துடைத்ததையாவது அது தாங்கியிருந்தது. இந்தத் தடவை தோலே உரிந்து, அடியில் வெள்ளையாகிவிட்டது. "எழுதுங்க அத்தை" என்று பேனாவை நீட்டினாள். எழுதிப் பார்த்தேன். மை பிடிக்கவில்லை. உருண்டு உருண்டு ஓடுகிறது. வேறு பேனா, மார்க்கர், எதுவும் நிற்கவில்லை. இப்போது அந்தப் படத்தில் 'பின்வரிசைக்குக் கேட்கும்படி பேசு' என்ற வரிக்கு மேல், உன் காலண்டர்களில் இருப்பது மாதிரியே ஒரு வெற்றிடம். ஒரே வித்தியாசம், இதில் இனி யார் பெயரும் ஏறாது.

போகும்போது அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன். லென்ஸ் வச்சுப் பாத்து, அசல்னு நம்பி நாலு பேருக்குச் சொன்ன மனுசன். அவருகிட்ட உங்க மகன் வந்து அவுக வாயால சொல்லணும். அதுக்கப்புறம் மிச்சப் பத்திரிகையைக் குடுக்கலாமா வேணாமான்னு நான் சொல்றேன்." அவள் பங்குக் கட்டு அவர்கள் வீட்டில் பிரிக்காமல் இருக்கிறது. நம் கட்டையும் நான் நிறுத்தி வைத்துவிட்டேன். உன் அப்பாவிடம் சொன்னேன். இந்தத் தடவை அவர் 'விடு' என்று சொல்லவில்லை. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

படம் இந்தத் தாள்களுக்கு அடியில் இருக்கிறது. எடுத்துப் பார். லென்ஸ் தேவைப்படாது. பார்த்துவிட்டுக் கிளம்பு, விருதுநகர் பஸ் உனக்குத் தெரியும். உன்னைத் தனியாக அனுப்ப மாட்டேன். உன் பக்கத்தில் நிற்பேன், நீ பேசி முடிக்கிறவரை வாயைத் திறக்க மாட்டேன், அது எனக்குப் பழக்கம்தான். நீ போகாவிட்டால் நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானே போகிறேன். அவர்கள் ஹால் பெரியது. கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவருக்கும் கேட்க வேண்டும் அல்லவா. என் பெயரிலிருந்து ஆரம்பிப்பேன்.